பழைய ஸ்டார் ட்ரெக்கை மறுபடி பார்க்கத் தொடங்குபவருக்கு

2003ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்த எங்கள் சனம் ஊருக்கு வந்து போகத் தொடங்கியிருந்த காலம். ஸ்காபரோவிலிருந்து வந்த பெரிய மாமா ஒரு பெட்டி நிறைய வீடியோ கசற் கொண்டு வந்தார். அதில் பதினொரு கசற்றில் ஸ்டார் ட்ரெக், ஒரு விண்வெளிக் கப்பலின் கதை சொல்லும் தொலைக்காட்சித் தொடர். கனடாக் கசற் என்.ரி.எஸ்.சி. என்ற படப்பதிவு முறை, எங்கள் வீட்டுப் பழைய டெக் அதற்கு ஒத்துவராத பால் (PAL) முறை. படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது, இடைக்கிடை மேலும் கீழும் உருண்டது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்படியே பார்த்தேன். கப்டன் கேர்க்கின் சட்டை என்ன நிறம் என்று தெரியாமலே அவரோடு சேர்ந்து விண்வெளி முழுக்கச் சுற்றினேன்.

பிறகு வண்ணத்தில் பார்த்தபோதுதான் பொன்னிறம், நீலம், சிவப்பு என்று மூன்று நிறச் சட்டைகள் இருப்பதும், கப்பலில் யாருக்கு என்ன வேலை என்பதை அந்த நிறமே சொல்வதும் புரிந்தது. இன்னொன்றும் பின்னாளில் அறிந்தேன். கேர்க்கின் அந்தப் பொன்னிறச் சட்டைத் துணி உண்மையில் பச்சை. படப்பிடிப்பு வெளிச்சத்திலும் ஃபிலிமிலும் அது பொன்னிறமாக விழுந்திருக்கிறது.

அதன் பிறகு முழுத் தொடரையும் நான்கு தடவை பார்த்துவிட்டேன். கடைசித் தடவை கொக்குவில் வீட்டு விறாந்தையில், அம்மாவோடும் அக்காவின் மகளோடும். சின்ன வயதில் அங்கொன்று இங்கொன்றாகப் பார்த்தவர்களும், ஒரு தடவை முழுதாகப் பார்த்து முடித்தவர்களும் மறுபடி எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இது. சில கதைகளின் முடிவும் இதில் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில்: சரியான தொடர், சரியான பிரதி

ஸ்டார் ட்ரெக் என்ற பெயரில் இப்போது பல தொடர்களும் படங்களும் உண்டு. நான் சொல்வது ஜீன் ரொடன்பெரி உருவாக்கிய முதலாவது தொடர். அமெரிக்காவின் என்.பி.சி.யில் 1966 செப்டம்பர் 8 தொடங்கி 1969 ஜூன் 3 வரை ஒளிபரப்பானது. மூன்று பருவங்களில் 29, 26, 24 என்று மொத்தம் 79 பகுதிகள். தேடும்போது "த ஒரிஜினல் சீரிஸ்" என்று சேர்த்துத் தேடுங்கள்.

2006இல் இதைச் சுத்தம் செய்து, விண்வெளிக் காட்சிகளை எல்லாம் கொம்பியூட்டரில் புதிதாகச் செய்து மறுபடி வெளியிட்டார்கள். புளூரே தட்டில் பழைய காட்சி, புதிய காட்சி இரண்டும் இருக்கிறது, விரும்பியதைத் தெரிவு செய்யலாம். பழையதைத் தெரிவு செய்யுங்கள். புதிய கப்பல் பளபளவென்று வரும், அடுத்த காட்சியில் மட்டை மரத்தில் செய்து நிறம் பூசிய கட்டுப்பாட்டு அறை வரும். இரண்டும் ஒட்டாது. பழைய கப்பல் கையால் செய்த மாதிரி உருவம், அந்த அறையும் கையால் செய்தது. ஒரே கைவேலையாக இருக்கும்போது கண் இரண்டாவது நாளே பழகிவிடும்.

இணையத்தில் காசு கட்டிப் பார்ப்பதென்றால், இலங்கையில் அது கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு கட்டுங்கள். நாட்டுக்கு நாடு பட்டியல் வேறு. வெளிநாட்டிலிருந்து டிவிடி பெட்டி கொண்டுவரச் சொல்வதென்றால் கசற் காலத்து வில்லங்கம் இதிலும் உண்டு. கனடாவிலிருந்து வருவது பிராந்தியம் 1, லண்டனிலிருந்து வருவது பிராந்தியம் 2. எல்லாப் பிராந்தியமும் ஓடும் பிளேயர் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆங்கில வசன வரிகள் தட்டில் இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள்.

எப்போது தொடங்குவது

ஒரு பகுதி ஏறத்தாழ 50 நிமிடம். 79 பகுதிக்கும் 66 மணித்தியாலம் வரும். கிழமைக்கு ஐந்து இரவு, இரவுக்கு ஒன்று என்று பார்த்தால் பதினாறு கிழமை. இந்த அளவைத் தாண்ட வேண்டாம். ஒரே இருப்பில் நான்கைப் பார்த்தால் எது எந்தக் கிரகம் என்று குழம்பிப் போகும். கிழமைக்கு ஒரு பகுதி போவதற்கென்று எழுதிய கதைகள் அவை, நடுவில் ஒரு பகல் பொழுதாவது கிடக்க வேண்டும்.

என் அனுபவத்தில் ஐப்பசியில் தொடங்குவது நல்லது. மாரி மழை பிடித்துவிட்டால் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே போவதில்லை, எல்லாரையும் ஒரு இடத்தில் இருத்தலாம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளில் மட்டும் தொடங்காதீர்கள். வீட்டில் ஆளே இருக்காது. தகரக் கூரை வீடென்றால் மழைச் சத்தத்தில் வசனம் கேட்காது, ஒரு சின்ன ஸ்பீக்கரை ஆட்களுக்குக் கிட்ட வைத்துவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் முன்கூட்டியே யோசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது நான் மூன்றாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இருந்த நேரத்தில் லப்டொப்பைச் சார்ஜ் போட்டு வைத்து, இருட்டில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்துப் பார்த்தோம். ஒரு பற்றரிக்கு இரண்டு பகுதி ஓடியது. இப்போது நிலைமை அப்படி இல்லை என்றாலும், இடி மின்னல் இரவுக்கு அந்தப் பழக்கம் இன்றைக்கும் உதவுகிறது.

ஒழுங்கு

ஒன்றிலிருந்து 79 வரை வரிசையாகப் பார்ப்பதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தத் தொடரின் வரிசையே நேரானது இல்லை. முதலில் ஒளிபரப்பான "த மான் ட்ராப்" முதலில் எடுக்கப்பட்டது அல்ல. மூன்றாவதாக வரும் "வேர் நோ மான் ஹாஸ் கோன் பிஃபோர்" அதற்கு முன்னரே எடுத்த வெள்ளோட்டம். அதனால்தான் அதில் உடுப்பு வேறு, கப்பலின் டொக்டர் மக்கோய் இல்லை, தொடர்பாடல் அதிகாரி உஹூரா இல்லை. அதில் ஒரு கல்லறைக் கல்லில் கேர்க்கின் பெயர் "ஜேம்ஸ் ஆர். கேர்க்" என்று இருக்கும். பிறகு எல்லா இடத்திலும் அவர் ஜேம்ஸ் ரி. கேர்க். அந்தக் கல் வரும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள்.

சரி, எந்த ஒழுங்கு? முதல் பத்து இரவுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. முதற் பருவத்தின் 14ஆம் பகுதி "பலன்ஸ் ஒவ் டெரர்". அடுத்து அதே பருவத்தின் 25, "த டெவில் இன் த டார்க்". மூன்றாம் நாள் முதலாம் பகுதி, "த மான் ட்ராப்". பிறகு 23, "அ டேஸ்ட் ஒவ் ஆர்மகெடன்". அதன் பின் 28, "த சிற்றி ஒன் த எட்ஜ் ஒவ் ஃபொரெவர்". அது மனதைப் பாரமாக்கும், அடுத்த நாள் ஓய்வு விடுங்கள். திரும்பி வந்து இரண்டாம் பருவத்தில் முதலாம் பகுதி "அமொக் டைம்", ஆறாம் பகுதி "த டூம்ஸ்டே மெஷின்", பத்தாம் பகுதி "ஜேர்னி டு பேபல்", பதினைந்தாம் பகுதி "த ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்". கடைசியாக மூன்றாம் பருவத்தின் 15, "லெட் தட் பீ யுவர் லாஸ்ட் பாட்டில்ஃபீல்ட்".

இந்தப் பத்தும் முடிந்தபின், விட்டுப் போனவற்றை முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள். அந்த நேரம் உங்களுக்கு ஆட்கள் எல்லாரும் பழக்கமாகியிருப்பார்கள், சுமாரான கதையைக்கூட அவர்களுக்காகப் பார்க்கலாம்.

"பலன்ஸ் ஒவ் டெரர்" ஏன் முதலில் என்றால், அது ஒரு கலியாண வீட்டோடு தொடங்குகிறது. கப்பலில் வேலை செய்யும் இருவருக்குக் கேர்க் கலியாணம் செய்து வைக்கப் போகும் நேரம் அபாய ஒலி கேட்கிறது. மாப்பிள்ளை திரும்பி வரமாட்டான். முதல் தடவை பார்க்கும்போது அந்தக் கலியாணம் கதைக்கு ஒரு சின்னத் தொடக்கமாகக் கடந்து போகும். இரண்டாம் தடவை அந்தப் பெண்ணின் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அதே பகுதியில் எதிரிக் கப்பலின் தளபதியாக நடித்த மார்க் லெனார்ட், இரண்டாம் பருவத்து "ஜேர்னி டு பேபல்" கதையில் ஸ்பொக்கின் தகப்பனாக வருகிறார். ஸ்பொக் என்பவர் கேர்க்கின் துணை அதிகாரி, உணர்ச்சியை வெளிக்காட்டாத வேற்றுக் கிரக இனத்தவர். இரண்டையும் சில நாள் இடைவெளியில் பார்த்தால் அதே குரல், அதே நிமிர்ந்த கழுத்து. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்: "இவர் அண்டைக்குச் செத்த மனிசன் எல்லோ?"

யாரோடு பார்ப்பது

தனியே பார்க்கலாம், குற்றமில்லை. ஆனால் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மறுபடி பார்ப்பதன் சுகமே வேறு. உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நீங்கள் திரையைப் பாதி, அவர் முகத்தைப் பாதி பார்ப்பீர்கள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: வாய் திறக்கக் கூடாது. "இப்ப பார், இப்ப பார்" என்பதும் வேண்டாம்.

ஆங்கிலம் அவ்வளவாக வராத பெரியவர்களையும் இருத்தலாம். முதலில் நான் வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்குப் படமும் போனது, நான் சொன்னதும் போனது. பிறகு வழி மாற்றினேன். தொடங்குமுன் யார் எங்கே போகிறார்கள், என்ன சிக்கல் என்று நான்கு வரி சொல்வேன். நடுவில் ஒரு தடவை நிறுத்துவேன், அவர் கேட்பதற்கு மட்டும் பதில். மிச்சத்தை முகங்களே சொல்லிவிடும். இந்தத் தொடரில் நடித்தவர்கள் அந்த அளவுக்கு முகத்தால் கதைப்பார்கள். முக்கியமாக மக்கோயாக வரும் டிஃபொரஸ்ட் கெலி.

ஆட்களை ஒரு இடத்திலிருந்து கரைத்து இன்னொரு இடத்தில் இறக்கும் கருவியை என்னவென்று சொல்வது என்றுதான் திண்டாடினேன். "ஆளைக் கரைச்சு அங்கை கொண்டுபோய்ச் சேர்க்கிற மெஷின்" என்றேன். அம்மாவுக்கு அது போதும். ஒவ்வொரு கிழமையும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டச் செலவு கட்டுபடியாகாது என்பதால் பிறந்த யோசனை அது என்று பிறகு சொன்னேன். "காசில்லாட்டி நல்ல புத்தி வரும்" என்றார்.

மேசையில் இருந்த உருண்டை

மறுபடி பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று கேட்டால், ஒரு கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். "த டெவில் இன் த டார்க்". சுரங்கக் கிரகம் ஒன்றில் ஏதோ ஒரு உயிர் பாறையைத் துளைத்து வந்து தொழிலாளர்களைக் கொல்கிறது. கேர்க்கும் ஸ்பொக்கும் அதைத் தேடிப் போகிறார்கள். கடைசியில் தெரிவது, அது ஒரு தாய். சுரங்கத்தின் கீழ்த்தட்டைத் திறந்தவர்கள் அதன் முட்டைகளை ஆயிரக்கணக்கில் உடைத்துவிட்டார்கள், பாறை உருண்டை என்று நினைத்து. ஸ்பொக் அதன் மனதோடு தன் மனதைச் சேர்க்கும்போது அதன் வேதனையை அவர் வாயால் கேட்கிறோம்.

முதல் தடவை அந்த இடத்தில்தான் மனம் உடையும். இரண்டாம் தடவை உடைவது அதற்கு நெடுநேரம் முன்னால். சுரங்க அதிகாரியின் அறையில், தொடக்கத்திலேயே, அந்த உருண்டைகளில் ஒன்று இருக்கிறது. ஸ்பொக் அதைக் கவனிக்கிறார், அது என்ன என்று கேட்கிறார். அதிகாரி அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வெளியே அலைகிறது, அதன் பிள்ளை ஒன்று அறைக்குள் அலங்காரப் பொருளாக இருக்கிறது.

என் மருமகள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள். முடிந்ததும் சாப்பிட எழும்பவில்லை. "மாமா, அந்த உருண்டை முதல்லயே அவற்ற அறையில இருந்தது. திருப்பிப் போடுங்கோ" என்றாள். திருப்பிப் போட்டேன். அந்த அறைக் காட்சியை மட்டும் மூன்று தடவை பார்த்தாள். பிறகு பேசாமல் குசினிக்குப் போனாள். மறுபடி பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அவள் அன்றைக்கே, ஒரே இரவில் அதைச் செய்துவிட்டாள்.

அந்தக் கதையில் அம்மாவுக்குப் பிடித்தது வேறு. காயம்பட்ட அந்தப் பாறை உயிருக்கு மருந்து போடச் சொன்னால், மக்கோய் தான் டொக்டரே தவிர மேசன் இல்லை என்று சினப்பார். பிறகு கொங்கிறீற் குழைத்துப் பூசிக் காயத்தை ஆற்றிவிட்டு, கையெல்லாம் பூச்சோடு பெருமையாக நிற்பார். எங்கள் வீட்டு மதிலைக் கட்டி முடித்த அன்று மேசன் நின்றது போலவே இருந்தது என்றார் அம்மா.

கவனிக்கச் சின்னச் சின்னப் பொருட்களும் உண்டு. "த மான் ட்ராப்" உப்புக்காக ஆட்களைக் கொல்லும் ஒரு உயிரின் கதை. அதற்காக விநோத வடிவத்தில் உப்புக் குடுவைகள் வாங்கியிருக்கிறார்கள், பிறகு பார்ப்பவர்களுக்கு அவை உப்புக் குடுவை என்றே தெரியாது என்று யோசித்துச் சாதாரணக் குடுவைகளை வைத்துவிட்டார்கள். அந்த விநோதக் குடுவைகள் டொக்டர் மக்கோயின் சத்திரசிகிச்சைக் கருவிகளாகிவிட்டன. அவர் யாருக்காவது வைத்தியம் செய்யும்போது கையைப் பாருங்கள். கப்பலின் கதவுகள் தானாகத் திறப்பதாகத் தெரியும். உண்மையில் மறைவில் நின்றவர்கள் கையால் இழுத்தார்கள். சில இடத்தில் கதவு ஒரு கணம் பிந்துவதைக் காணலாம்.

அந்த உப்பு உயிர் தன் இனத்தில் கடைசி. கதை முடிவில் அதைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். "பாவம், உப்புத்தானே கேட்டது. ஆனையிறவில கொண்டுவந்து விட்டிருக்கலாம்" என்றார் அம்மா. நான் நான்கு தடவை பார்த்தும் அந்தக் கதையில் கொல்லாமல் விட ஒரு வழி இருந்ததா என்று யோசிக்கவில்லை. அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பகுதியின் பெயர், பார்த்த திகதி, புதிதாகக் கண்ட ஒரே ஒரு விஷயம். அவ்வளவு போதும். அடுத்த தடவைக்கு அதுவே உங்கள் வழிகாட்டி.

மூன்றாம் பருவம்

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப்பட இருந்த தொடர் இது. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததில் மூன்றாவது பருவம் கிடைத்தது. ஆனால் பணத்தைக் குறைத்து, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். அதன் மெலிவு தெரியும். முதலாம் பகுதி "ஸ்பொக்ஸ் பிரெய்ன்" தொடரிலேயே பலவீனமான கதைகளில் ஒன்று. மூன்றாம் பருவத்தை அதில் தொடங்காதீர்கள். இரண்டாம் பகுதி "த என்டர்பிரைஸ் இன்சிடென்ட்" பார்த்துவிட்டுப் பிறகு அதற்கு வாருங்கள்.

"லெட் தட் பீ யுவர் லாஸ்ட் பாட்டில்ஃபீல்ட்" இந்தப் பருவத்தில்தான் வருகிறது. 1969 ஜனவரியில் ஒளிபரப்பானது. முகத்தில் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளையான இருவர் வருகிறார்கள், ஒருவன் மற்றவனைத் துரத்திக்கொண்டு. இருவரும் ஒரே இனம் என்றே கேர்க் நினைக்கிறார். துரத்துபவன் பொறுமையிழந்து, தனக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவனுக்கு வலப்பக்கம் வெள்ளை என்கிறான். தங்கள் கிரகத்துக்குத் திரும்பினால் அங்கே ஒருவரும் உயிரோடு இல்லை. அப்போதும் அவர்கள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. பின்னால் எரியும் நகரங்களின் காட்சி ஓடும். சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது என்று இந்தக் கதையைக் குறை சொல்பவர்கள் உண்டு. எங்கள் விறாந்தையில் அன்று அது முடிந்ததும் அம்மா எழும்பிப் போய்ப் படலையைப் பூட்டிவிட்டு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் காலத்துக் குறைகளும் இருக்கின்றன, மறைக்கத் தேவையில்லை. பெண்களின் உடுப்பு, அவர்களோடு கதைக்கும் விதம், பல இடத்தில் உறுத்தும். கடைசிப் பகுதியில், கப்டன்மாரின் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்ற பொருளில் ஒரு வசனமே வருகிறது. பிள்ளைகளோடு பார்க்கும்போது நிறுத்திக் கதையுங்கள். அதே கப்பலில் தொடர்பாடல் அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் மரியாதையோடு அமர்ந்திருப்பதையும் காட்டுங்கள். உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதற் பருவத்தோடு விலக நினைத்ததையும், மார்ட்டின் லூதர் கிங் நேரில் சொல்லி அவரை நிற்கவைத்ததையும் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

கடைசி இரவு

79ம் முடிந்தபின் ஒன்று மிச்சம் இருக்கும்: "த கேஜ்". எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்த வெள்ளோட்டம், என்.பி.சி. வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. கேர்க் இல்லை, கப்டன் பைக். இரண்டாம் நிலையில் ஒரு பெண் அதிகாரி, மஜெல் பரெற் நடித்தது. தொடரில் பழகிய பாத்திரம் என்று இருப்பவர் ஸ்பொக் ஒருவர்தான். இதன் காட்சிகளை முதற் பருவத்தின் 11, 12ஆம் பகுதிகளில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் கதை ஓரளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் இதை முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன்.

நாங்கள் அதைப் பார்த்தது தை மாதக் கடைசியில், மழை விட்டிருந்தது. கிரகத்தில் இறங்கியதும் நீல நிற இலைகள் காற்றில் ஆடிப் பாடுவது போல் ஒரு ஒலி. பைக்கும் ஸ்பொக்கும் கிட்டப் போய் இலையைக் கையால் பிடிக்கிறார்கள், ஒலி நின்றுவிடுகிறது. பதினாறு கிழமையாக முகத்தில் லேசில் சலனம் காட்டாத மனிதரைப் பார்த்துப் பழகிய என் மருமகள் கதிரையை விட்டு எழும்பி நின்றாள்.

"அம்மம்மா, இஞ்ச பாருங்கோ! ஸ்பொக் சிரிக்கிறார்!"